அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

நியூயார்க்குக்குக் குடிவந்த மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தப்பான ரயிலில் ஏறினேன். 59வது தெரு நிலையத்தில் வடக்கே போகும் எக்ஸ்பிரஸ் வண்டிகள் ஒரே ப்ளாட்பாரத்துக்குத்தான் வரும். ஏ வண்டியும் அங்கேதான், டி வண்டியும் அங்கேதான். இரண்டும் 125வது தெருவில் நிற்கும், 145வது தெருவில் நிற்கும். கையில் இரண்டு காய்கறிப் பை, நாள் முழுக்க நடந்த களைப்பு. வந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். 145 தாண்டியதும் அதுவரை பார்த்திராத நிலையங்கள் வர ஆரம்பித்தன. யாங்கி ஸ்டேடியம் என்று எழுதியிருந்த பலகையைப் பார்த்த பிறகுதான் ஆற்றைத் தாண்டி பிராங்க்ஸுக்கு வந்துவிட்டேன் என்று உறைத்தது. திரும்பி வந்து, ஏ வண்டி மாறி, 181வது தெருவில் இறங்கி வீடு சேரும்போது பையில் தயிர் டப்பா ஒழுகிக்கொண்டிருந்தது.

வாசல் படியில் கீழ்வீட்டு அம்மா நின்றிருந்தார். எண்பதைத் தாண்டியவர், ஹார்லெமில் பிறந்து வளர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் வாசிப்புச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டி வண்டியில ஏறாதே, ஏ வண்டியில ஏறுன்னு ஒரு பாட்டே இருக்கே. உங்க ஊர்ல அது கேட்டதில்லையா?" என்றார். கேட்டிருக்கிறேன் என்றேன். ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனின் 'டேக் தி ஏ ட்ரெயின்'. ஜாஸ் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள்கூட எங்கேயாவது கேட்டிருக்கக்கூடிய மெட்டு. பெருமையாகத்தான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "டியூக்கோடதா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "நாளைக்குச் சாயங்காலம் வாங்க, ஒண்ணு காட்டறேன்" என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அவர் காட்டியதைத்தான் பதினோரு வருடமாக மனதுக்குள் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஒரு 78 வேக இசைத்தட்டு. விக்டர் கம்பெனியின் கறுப்பு லேபிள், பொன்னிற எழுத்து, குழாய் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த நாய். எண் 27380. மேலே பாட்டின் பெயர், பக்கத்தில் 'ஃபாக்ஸ் ட்ராட்' என்று நடனத்தின் பெயர். கீழே பெரிதாக, 'டியூக் எலிங்டனும் அவரது புகழ்பெற்ற இசைக்குழுவும்'. இரண்டுக்கும் நடுவே, பொடி எழுத்தில், அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயர். அவர் தன் கட்டைவிரல் நகத்தை அதன் அடியில் வைத்து, வகுப்பில் பிள்ளைக்குச் சொல்வதுபோல, "இதை வாசிங்க" என்றார். பில்லி ஸ்ட்ரேஹார்ன் என்று வாசித்தேன். "எங்க வீட்டுல இந்தத் தட்டைப் போடறதுக்கு முன்னாடி எங்க அப்பா அந்தப் பேரைச் சொல்லுவார். சொல்லிட்டுத்தான் முள்ளை வைப்பார்" என்றார்.

தட்டு சுழன்றது. முதலில் உப்புத்தாளைத் தேய்ப்பது போன்ற கரகரப்பு. பிறகு பியானோ.

மூன்று நிமிடத்துக்குள்

சின்ன வயதில் நாலு வருடம் வயலின் கற்றுக்கொண்டவன் நான். எந்த இசையைக் கேட்டாலும் காது தானாக ஸ்வரம் தேடும். அந்தப் பியானோ முகப்பு நாலே தாளவட்டம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி, பஞ்சமம் கிடையாது, கோப்ரியா ராகத்தின் சாயல். எங்கே உட்காருவது என்று தெரியாத ஒரு மிதப்பு. உடனே சாக்ஸபோன்கள் ஐந்தும் ஒரே குரலாக உள்ளே வருகின்றன. பஞ்சமத்திலிருந்து மேல் காந்தாரத்துக்கு ஒரு தாவல், அங்கே நீண்ட நிறுத்தம். மறுபடி பஞ்சமம், ஷட்ஜம், காந்தாரம். இதுவரை சங்கராபரணம் தெரிந்த எவருக்கும் வீட்டு வாசல்தான். அடுத்த ஸ்வரம் சுத்த தைவதத்தில் விழுகிறது. அந்த இடத்தில் வரக்கூடாத ஸ்வரம். தொட்டுவிட்டு ஓடினால் அலங்காரம் என்று விட்டுவிடலாம். ஸ்ட்ரேஹார்ன் அதை நிற்க வைக்கிறார், சாக்ஸபோன்கள் அதை இழுத்துப் பிடிக்கின்றன. பிறகு அரைப்படி ஏறிச் சதுஸ்ருதி தைவதத்துக்குப் போய், அங்கிருந்து ஒன்றும் நடக்காததுபோல நடக்கிறார். இரண்டு தைவதத்தையும் இப்படி அடுத்தடுத்து வைத்தால் என் வயலின் வாத்தியார் வில்லாலேயே முட்டியில் தட்டியிருப்பார். ஆனால் அந்த ஒரு ஸ்வரம் இல்லாவிட்டால் இது சுறுசுறுப்பான ஒரு நடனப் பாட்டு, அவ்வளவுதான். அந்த ஸ்வரத்தில்தான் ரயில் வளைவில் சாய்கிறது.

இது முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் ரே நான்ஸ் டிரம்பெட்டின் வாயை அடைத்து வைத்துக்கொண்டு, காதோடு ரகசியம் சொல்வதுபோல வாசிக்கிறார். கீழே ஜிம்மி பிளாண்டனின் பாஸ் நடந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பையன் அடுத்த வருடமே, 1942 ஜூலையில், காசநோயில் போய்விட்டான், இருபத்து மூன்று வயதில். அது தெரிந்த பிறகு அந்த நடையைச் சாதாரணமாகக் கேட்க முடியவில்லை. நான்ஸ் முடித்ததும் நாலு தாளவட்டத்துக்கு ஒரு பாலம். அதுவரை நாலு நாலாக ஓடிய கணக்கு சட்டென்று மும்மூன்றாக விழுகிறது, காலால் தாளம் போட்டுக்கொண்டிருப்பவன் தடுமாறுவான். தடுமாறி நிமிர்ந்து பார்த்தால் சுருதியே மாறியிருக்கும். ஒரு கட்டையில் தொடங்கிய பாட்டு இரண்டரைக் கட்டைக்கு ஏறிவிட்டது. நான்ஸ் இப்போது அடைப்பை எடுத்துவிட்டுத் திறந்த தொண்டையில் சாக்ஸபோன்களுக்குப் பதில் சொல்கிறார். கடைசி அடி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் சன்னமாகி, சுரங்கத்துக்குள் போகும் வண்டியின் பின்விளக்குபோல மறைகிறது. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடத்துக்குள். 78 தட்டில் அதற்கு மேல் இடம் கிடையாது.

முடிந்ததும் அந்த அம்மா முள்ளைத் தூக்கி ஓரமாக வைத்தார். நான் லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதைச் செய்தவரின் பெயரை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

வழி சொன்ன கதை

அதன் பிறகு அகப்பட்டதையெல்லாம் படித்தேன். ஸ்ட்ரேஹார்ன் 1915இல் ஒஹாயோவில் டேட்டன் ஊரில் பிறந்து, பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர். ஏழை வீடு. மேற்கத்திய செவ்வியல் பியானோ கற்றவர், ஆனால் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பினப் பையனுக்கு அந்த வழியில் கதவு திறக்காது. மருந்துக்கடை ஒன்றில் சோடா ஊற்றிக் கொடுத்துக்கொண்டும், வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டும் இருந்தார். 1938 டிசம்பரில் எலிங்டன் குழு பிட்ஸ்பர்க்கின் ஸ்டான்லி தியேட்டருக்கு வந்தபோது, நண்பர்கள் மூலம் மேடைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார். எலிங்டன் தலைமுடியைச் சீர்படுத்திக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஸ்ட்ரேஹார்ன் பியானோவில் உட்கார்ந்து, எலிங்டன் மேடையில் வாசித்த அதே உருப்படியை அச்சு அசலாக அப்படியே வாசித்துக் காட்டினார். பிறகு, "இதை நான் வாசிச்சா இப்படி வாசிப்பேன்" என்று சொல்லி வேறு மாதிரி வாசித்தார். எலிங்டன் கண்ணைத் திறந்தார்.

வேலை தருகிறேன், நியூயார்க் வா என்று சொல்லி, ஹார்லெமில் சுகர் ஹில் பகுதிக்கு எப்படி வரவேண்டும் என்று எலிங்டன் எழுதிக் கொடுத்த வழிக்குறிப்பு 'ஏ வண்டியில் ஏறு' என்று தொடங்கியது. அதையே மெட்டாக்கிக் கையில் எடுத்துக்கொண்டு போனார் பையன். இதுதான் எல்லாரும் சொல்லும் கதை. ஸ்ட்ரேஹார்னே பின்னாளில் வேறொன்றும் சொல்லியிருக்கிறார். ஆறாவது அவென்யூவின் புதிய பாதை திறந்து டி வண்டி ஓட ஆரம்பித்ததும், ஹார்லெம் போகவேண்டியவர்கள் அதில் ஏறி 145க்கு மேல் பிராங்க்ஸுக்குப் போய்த் திண்டாடினார்களாம். அவர்களுக்கு வழி சொல்லத்தான் இந்தத் தலைப்பு வைத்தேன் என்றார். ஏ வண்டி ஓட ஆரம்பித்தது 1932 செப்டம்பரில். டி வண்டி வந்தது 1940 டிசம்பரில். எலிங்டன் வழி சொன்னபோது டி என்று ஒன்றே கிடையாது. பாட்டு பதிவாகும்போது அது வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆகவே இரண்டு கதைக்கும் இடம் இருக்கிறது. மெட்டு முதல் கதையில் பிறந்தது, அது ஊர்வாயில் நின்றது இரண்டாவது கதையால் என்பது என் எண்ணம். வண்டி மாறி ஏறிப் பிராங்க்ஸைப் பார்த்தவன் என்ற முறையில் இரண்டாவது கதை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

இன்னொரு கதையைச் சொன்னவர் எலிங்டனின் மகன் மெர்சர். 1940 முடிகிற நேரம். பாட்டு இயற்றுபவர்களின் சங்கமான அஸ்காப், வானொலி நிலையங்களிடம் கூடுதல் கட்டணம் கேட்டது. நிலையங்கள் மறுத்துவிட்டன, 1941 ஜனவரி முதல் தேதியிலிருந்து அஸ்காப் உறுப்பினர்களின் பாட்டு எதுவும் ஒலிபரப்பாகாது என்று ஆனது. எலிங்டன் உறுப்பினர். தன் பாட்டையே தன் குழுவை வைத்து வானொலியில் வாசிக்க அவருக்கு வழியில்லை, அடையாள மெட்டு உட்பட. வானொலி இல்லாவிட்டால் அந்தக் காலத்தில் ஒரு பெரிய பேண்டுக்குப் பிழைப்பு இல்லை. ஸ்ட்ரேஹார்னும் மெர்சரும் சங்கத்தில் சேராதவர்கள். இரண்டு இளைஞர்களையும் உட்கார வைத்து, இரவு பகலாக ஒரு முழுக் கச்சேரிக்கான புதுப் பாட்டுகளை எழுத வைத்தார் எலிங்டன். 'செல்சி பிரிட்ஜ்', 'ரெயின்செக்', 'ஆஃப்டர் ஆல்' எல்லாம் அந்த நெருக்கடியில் வந்தவைதான். அப்போது ஒருநாள் குப்பைக்கூடையில் கிடந்த ஒரு தாளை மெர்சர் எடுத்துப் பார்த்தாராம். இதில் என்ன குறை என்று கேட்டதற்கு, பிளெட்சர் ஹெண்டர்சன் பாணி ரொம்பத் தெரிகிறது என்றாராம் ஸ்ட்ரேஹார்ன். சாக்ஸபோன் கூட்டம் ஒரு பக்கம், பித்தளைக் கூட்டம் ஒரு பக்கம், மாறி மாறிக் கேள்வி பதில்: அதுதான் ஹெண்டர்சனின் வழி. மெர்சரும் பார்த்துவிட்டு ஆமாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ஆனாலும் சரக்கு வேண்டியிருந்தது, சேர்த்துவிட்டார். 1941 பிப்ரவரி 15ஆம் தேதி ஹாலிவுட்டில் பதிவானது. அன்றிலிருந்து எலிங்டனின் அடையாள மெட்டு அதுதான், அவர் 1974இல் கண் மூடும்வரை.

குப்பைக்கூடைக் கதைகள் எல்லாக் கலையிலும் உண்டு. இது எனக்கு உண்மையாகப் படுவதற்குக் காரணம் அந்தப் பதில்தான். இருபத்தைந்து வயதில் ஒருவன் தன் கையில் இன்னொருவர் சாயல் தெரிகிறதே என்று கூசித் தூக்கிப் போடுகிறான். அப்படிக் கூசிய ஒருவர், பிறகு வாழ்நாள் முழுக்க இன்னொருவர் பெயருக்குக் கீழே எழுதினார்.

எனக்கு வந்த கோபம்

இதெல்லாம் தெரிந்ததும் எனக்கு எலிங்டன் மேல் கோபம் வந்தது. பல மாதம் அவர் இசையைப் போடவே இல்லை. மேடையில் ஆயிரக்கணக்கான தடவை இந்த மெட்டோடுதான் அவர் நுழைந்தார். உலகம் அதை அவர் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டது. அவர் பாட்டுக்குத் தடை வராமல் இருந்திருந்தால் இதுவும் வேறெத்தனையோ போல எலிங்டன் பெயரிலோ, இருவர் பெயரிலோ வெளிவந்திருக்கலாம் என்று தோன்றியது. ஸ்ட்ரேஹார்னின் பல படைப்புகளுக்கு அப்படித்தான் நடந்தது. யார் எழுதியது எது என்று பிரிக்க வால்டர் வான் டி லூர் என்ற டச்சு ஆய்வாளர் கையெழுத்துப் பிரதிகளோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒரு சங்கத்தின் கட்டணச் சண்டைதான் இந்த ஒரு பாட்டிலாவது அந்தப் பெயரைத் தனியாக நிறுத்தியிருக்கிறது. அதுவும் அடைப்புக்குறிக்குள்.

கீழ்வீட்டு அம்மாவிடம் இதை ஆவேசமாகச் சொன்னேன். ஸ்ட்ரேஹார்ன் பெயரை எனக்கு முதலில் காட்டியவரே அவர்தானே, ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, "நீங்க அந்தக் காலத்து ஹார்லெமைப் பாத்ததில்ல" என்றார். ஸ்ட்ரேஹார்ன் ஆண்களை விரும்பியவர். அதை அவர் மறைக்கவில்லை. ஆரன் பிரிட்ஜர்ஸ் என்ற பியானோ கலைஞரோடு கான்வென்ட் அவென்யூவில் ஒரே வீட்டில் குடியிருந்தார். 1940களில், அதுவும் ஒரு கறுப்பின மனிதர், அப்படி வாழ்வது என்றால் சாதாரணம் இல்லை. தன் பெயரில் பேண்ட் வைத்து, ஊர் ஊராகப் போய், பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, சுவரொட்டியில் நின்று பிழைக்கவேண்டியவராக இருந்திருந்தால் பொய் வாழ்க்கைதான் வாழ்ந்திருக்க வேண்டும். எலிங்டன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை; வாடகை, துணிமணி, பயணம் என்று எதற்கும் கணக்குப் பார்த்ததில்லை. "மறைவா இருந்ததுனால அவர் நிம்மதியா இருந்தார்னு சொல்லல. ரெண்டும் இருந்துச்சு. உங்களுக்கு ஒண்ணுதான் வேணும்" என்றார் அம்மா.

அந்த வாக்கியம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. இன்றுவரை அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெயர் முக்கியம் இல்லை, இசைதான் முக்கியம் என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் பெயர் தட்டின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும். ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஸ்ட்ரேஹார்னே எலிங்டனை விட்டுக் கொஞ்ச காலம் விலகி நின்றார். மனத்தாங்கல் இல்லாமல் யாரும் அப்படி விலகுவதில்லை. ஆனால் திரும்பியும் வந்தார். 1956க்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்தவை அவர்கள் செய்ததிலேயே கனமானவை. ஏமாற்றப்பட்டவர், ஏமாற்றியவர் என்று இரண்டு கட்டம் போட்டால் இந்த இரண்டு பேரும் அதற்குள் அடங்கமாட்டேன் என்கிறார்கள்.

ரே நான்ஸின் சங்கதி

பெயர் விஷயத்தில் என்னை இன்னும் குழப்பியவர் ரே நான்ஸ். அந்த டிரம்பெட் தனி வாசிப்பு எழுதி வைத்தது இல்லை, அவராகக் கற்பனையாக வாசித்தது. பத்து வருடம் குழுவில் இருந்த கூட்டி வில்லியம்ஸ் 1940 நவம்பரில் பென்னி குட்மன் குழுவுக்குப் போய்விட்டார். அந்தப் பிரிவை வைத்து இன்னொரு பேண்ட் ஒரு பாட்டே போட்டது, அவ்வளவு பெரிய செய்தி. அந்தக் காலி நாற்காலிக்கு வந்த புது ஆள் நான்ஸ். வந்து மூன்று மாதத்தில் இந்தப் பதிவு. அவர் அன்றைக்கு வாசித்த அந்தத் தனி ஆவர்த்தனம் அதன் பிறகு பாட்டின் பகுதியாகவே ஆகிவிட்டது. யார் வாசித்தாலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் தங்கள் வழியில் போவார்கள். நம்மூரில் ஒரு பெரிய வித்துவான் பாடிய சங்கதி, பிறகு வந்தவர்களுக்குக் கீர்த்தனையின் அங்கமாகவே ஆகிவிடுவது மாதிரி. கூட்டி வில்லியம்ஸ் 1962இல் திரும்பி வந்தார். அடுத்த வருடம் நான்ஸ் விலகியபோது அந்தத் தனி வாசிப்பு கூட்டியின் கைக்கு வந்தது. தன் இடத்துக்கு வந்தவரின் கற்பனையை, மூத்தவர் பாடம் ஒப்பிப்பதுபோல மேடையில் வாசித்தார். அந்த வாசிப்புக்கு எந்த லேபிளிலும் நான்ஸ் பெயர் கிடையாது, அடைப்புக்குறிக்குள்கூட.

இந்த மெட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1955 ஜனவரியிலிருந்து வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சிக்கு இதுதான் முகப்பு இசை. வார்சாவிலும் மாஸ்கோவிலும் சிற்றலை வானொலியைக் காதில் ஒட்டவைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கு ஜாஸ் என்றால் முதலில் இந்தப் பியானோ முகப்புதான், அப்புறம் கானவரின் நிதானமான குரல். அந்த நிகழ்ச்சி வெளிநாட்டுக்கு மட்டும் என்பது சட்டம். ஆகவே அமெரிக்காவில் கானவரை யாருக்கும் தெரியாது. 1963இல் அமெரிக்க அரசு எலிங்டன் குழுவை மேற்கு ஆசியாவுக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பியது. கூடவே ஸ்ட்ரேஹார்னும் வந்தார். தில்லியில் அவர் அறைக்கு வெளியே ஒரு மைனா விடாமல் ஒரே மெட்டைப் பாடிக்கொண்டிருந்ததாம். அந்த மெட்டைக் குறித்துக்கொண்டு போய், 1966 டிசம்பரில் பதிவான 'ஃபார் ஈஸ்ட் சூட்'டில் கிளாரினெட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபோது அந்த மைனாவின் பெயர்கூட அந்தப் பகுதியின் தலைப்பில் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன். எலிங்டன் மேல் இருந்த கோபம் அப்போதும் முழுதாக ஆறவில்லை.

ஆகஸ்ட் 30, 1967

அது ஆறிய இடம் ஒன்று உண்டு. ஸ்ட்ரேஹார்ன் 1967 மே 31ஆம் தேதி உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார். வயது ஐம்பத்தொன்று. கடைசி உருப்படியை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதி அனுப்பினார். அதற்கு 'ரத்த எண்ணிக்கை' என்று பெயர். மூன்று மாதம் கழித்து எலிங்டன் குழுவைக் கூட்டி, முழுக்க முழுக்க ஸ்ட்ரேஹார்ன் படைப்புகளாகவே ஒரு இசைத்தட்டு பதிவு செய்தார். அதில் 'ஏ ட்ரெயின்' கிடையாது. இருக்கும் என்று தேடிப் பார்த்து ஏமாந்தேன். அப்புறம் யோசித்தபோது அதுதான் சரி என்று பட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்ததை விட்டுவிட்டு, ஊருக்குத் தெரியாததை எடுத்து வாசித்திருக்கிறார்கள். 'சார்பாய்' என்று ஒரு உருப்படி, நம் கயிற்றுக்கட்டிலின் வடநாட்டுப் பெயர்.

அந்தத் தட்டின் கடைசியில் 'லோட்டஸ் ப்ளாஸம்'. அது பதிவுக்காக வாசித்தது அல்ல. ஆகஸ்ட் 30ஆம் தேதி வேலை முடிந்து எல்லாரும் வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சுச் சத்தம், எதையோ நகர்த்தும் சத்தம், எங்கேயோ ஒரு தட்டல். எலிங்டன் எழுந்திருக்காமல் பியானோவில் தனியாக அந்த மெட்டை ஆரம்பிக்கிறார். தான் வாசிக்க ஸ்ட்ரேஹார்ன் மிகவும் விரும்பிக் கேட்டது இதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்க வாசிக்கப் பின்னாலிருந்த பேச்சு குறைகிறது. முதலில் ஒருவர் நிறுத்துகிறார், பிறகு இன்னொருவர். கடைசியில் பியானோ மட்டும். ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார். முடித்துவிடுவார் என்று நினைக்கும்போது இன்னொரு தடவை. முடித்தால் போய்விடுமே என்பதுபோல. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு ஏ வண்டியில் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டேன். 145 தாண்டியது, 168 தாண்டியது. இறங்கவேண்டிய 181ஐயும் விட்டுவிட்டு 207வது தெரு வரை போய், வண்டி காலியான பிறகும் உட்கார்ந்திருந்தேன். பெயரைப் பறித்துக்கொண்ட ஒருவர் வாசிப்பது மாதிரி அது இல்லை. கடன்பட்டவர் வாசிப்பது மாதிரி இருந்தது. கடன் இருந்தது என்பதும் அதிலேயே இருந்தது.

மறுநாள் அந்த அம்மாவிடம் சொன்னேன். "கேட்டுட்டீங்களா" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் அவர் தெற்கே மகள் வீட்டோடு போய்விட்டார். போவதற்கு முந்தின நாள், தலையணை உறையில் சுற்றி அந்தத் தட்டை என்னிடம் கொடுத்தார். என்னிடம் 78 வேகத்தில் ஓடும் கருவி இல்லை. பீரோவில் துணிகளுக்கு நடுவே நிறுத்தி வைத்திருக்கிறேன். அரக்குத் தட்டு, கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடைந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, அந்த அடைப்புக்குறியைப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பேன்.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். மன்னார்குடிப் பக்கம், வீட்டில் நாகஸ்வரக்காரர்கள். அவரும் பத்தாவது வரை வாசித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க என்று கூப்பிட்டேன். எப்படி வரணும் சார் என்று கேட்டார். போனில் தட்டி அனுப்பினேன்: "59வது தெருவில் ஏ வண்டியில் ஏறுங்க. அதே ப்ளாட்பாரத்துக்கு டி வரும், அதில் ஏறாதீங்க." அனுப்பிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்று கண்ணில் பட்டது.

சரியாக வந்து சேர்ந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்தவரிடம் ஒன்றும் சொல்லாமல் போனில் அந்தப் பாட்டைப் போட்டேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், சாக்ஸபோன்கள் அந்தச் சுத்த தைவதத்தில் விழுந்து நின்றதும் ஆட்டுவதை நிறுத்தினார். துண்டு கையிலேயே இருந்தது.

"சார், இந்த இடத்துல என்ன பண்றாங்க? யாரு போட்ட மெட்டு இது?"

"பில்லி ஸ்ட்ரேஹார்ன்" என்றேன்.

முதலிலிருந்து போடச் சொன்னார்.